ஒஃபிஸ் டேட்டா இப்ப ஆற்ற வீட்டில கிடக்கு?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பின்னேரம் 6 மணியில இருந்து நாடு முழுக்க ஊரடங்கு எண்ட செய்தி வந்த கையோட எங்கட ஒஃபிஸில ஆளாளுக்கு வயர் கழட்டத் தொடங்கீட்டினம். யாழ்ப்பாண டவுனுக்குள்ள இருக்கிற ஒரு சின்னக் கம்பெனி எங்கட. லண்டன் பக்கத்துக் கடையள், சின்னச் சின்ன பிஸ்னஸுகளுக்குக் கணக்கு எழுதிக் குடுக்கிறது, அவையின்ர ஆக்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் குடுக்கிறது, இதுதான் வேலை. அப்ப நாங்கள் 26 பேர். லப்டொப் இருந்தது ஆறேழு பேரிட்டத்தான், மற்ற எல்லாருக்கும் டெஸ்க்டொப். அந்தப் பெட்டியளைப் பெட்ஷீட்டால சுத்தி ஸ்கூட்டியில காலடியில வச்சுக்கொண்டு கரவெட்டிக்கும் சாவகச்சேரிக்கும் மானிப்பாய்க்கும் போனதை நான் வாசல்ல நிண்டு பாத்தனான். வேலணைப் பெடியன் ஒருத்தன் மொனிட்டரை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பஸ் ஏறினவன்.

அங்க ஐடி ஆள் நான்தான், நான் ஒருத்தன்தான். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் மேசையில கிடந்த ஒரு சீஆர் கொப்பியை எடுத்து ஆர் எந்தப் பெட்டியைக் கொண்டு போகினம், பின்பக்கத்தில இருக்கிற சீரியல் நம்பர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் பேனையால எழுதி ஒவ்வொருத்தரிட்டயும் கையெழுத்து வாங்கினன். அவசரத்தில செய்த வேலை. ஆனால் அதுக்குப் பிறகு செய்த எல்லாத்துக்கும் அந்தக் கொப்பிதான் அத்திவாரமா இருந்தது, ஏனெண்டால் என்ன சாமான் எங்க இருக்கெண்டு தெரியாட்டி அதை எப்பிடிப் பூட்டுறது.

பெட்டி எங்க இருக்கெண்டு தெரிஞ்சுது, சரி. அதுக்குள்ள இருந்த டேட்டா எங்கெங்க போகுதெண்டு விளங்க எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல எடுத்தது. கொழும்பு, கம்பஹா மாதிரி யாழ்ப்பாணத்தையும் அபாய மாவட்டமெண்டு வச்சிருந்தவை, அதால ஒருத்தரும் ஒஃபிஸ் பக்கம் வரேலாது. ஏப்ரல் கடைசியில நான் ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டனான். நேற்றுச் செய்த ஃபைல் ஒண்டைச் சொல்லுங்கோ, அது உங்களிட்ட வந்த நேரம் தொடக்கம் திருப்பி அனுப்பின நேரம் வரைக்கும் எங்கெங்க போட்டு வந்தது? உதைக் குறை பிடிக்கிற குரல்ல கேக்கக்கூடாது, ஊர்ப்புதினம் கேக்கிற மாதிரிக் கேக்கோணும், அப்பதான் உள்ளது வரும்.

உள்ளது வந்திச்சுது. ஒரு தங்கச்சி சம்பள எக்செல் ஷீட்டைத் தன்ர சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, வீட்டில தம்பியின்ர கொம்பியூட்டரில இறக்கி வேலை செய்து, வட்ஸ்அப்பில டீம் லீடருக்குப் போட்டிருக்கிறா. டீம் லீடரின்ர போனில வட்ஸ்அப்பில வாற ஃபைல் எல்லாம் தானா இறங்கும், அந்தப் போன் பின்னேரத்தில அவற்ற மகன் கேம் விளையாடுற போன். எண்ணிப் பாத்தன், ஒரு சம்பளப் பட்டியல் ஏழு இடத்தில. லண்டனில ஒரு கடையில வேலை செய்யிற 11 பேரின்ர பேர், விலாசம், நஷனல் இன்சூரன்ஸ் நம்பர், வங்கிக் கணக்கு. அந்தச் சனம் எங்களை ஒருக்காலும் கண்டதில்லை. தங்கட விபரம் தெல்லிப்பழையில ஒரு சின்னப் பெடியன்ர கையில இருக்கிற போனுக்குள்ள கிடக்கெண்டு அதுகளுக்கு எப்பிடித் தெரியும். எனக்கு அண்டிரவு சரியா நித்திரை வரேல்லை.

பிறகு ஊரடங்கு தளர்ந்தாப் போல இன்னொண்டு வந்திச்சுது, கொமினிகேசன். வீட்டில பிரிண்டர் இல்லை, அப்ப பென்ட்ரைவில போட்டுக்கொண்டு சந்தியில இருக்கிற கொமினிகேசனுக்குப் போய் பிரிண்ட் எடுக்கினம். எங்கட ஊரில ஆருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அந்தக் கடைக் கொம்பியூட்டரில நாளொண்டுக்கு எத்தினை பென்ட்ரைவ் குத்துப்படுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கடைக்கார அண்ணை பிரிண்ட் சரியா வரவேணும் எண்டு ஃபைலை முதல்ல டெஸ்க்டொப்பில கொப்பி பண்ணித்தான் திறப்பார், பிறகு அழிக்கிறதும் இல்லை, அது அங்கயே கிடக்கும். திரும்பி வாற பென்ட்ரைவில ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறி நிக்கும். அந்த வைரஸ் தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில இல்லை. நான் பென்ட்ரைவைத் தடை எண்டு மெயில் போட்டிருக்கலாம், போட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் செய்திருப்பினம். அதால முதல்ல எதுக்குப் பிரிண்ட் எண்டு கேட்டன். முக்கால்வாசி, ரெண்டு கணக்கை ஒப்பிட்டுப் பாக்க ஒரே ஸ்க்ரீன் காணாது எண்டதாலதான். ஒஃபிஸில சும்மா கிடந்த மொனிட்டருகளை ஓட்டோவில ஏத்தி வீடு வீடாக் குடுத்தனான், பிரிண்ட் எடுக்கிறது தானா நிண்டுபோச்சு. யூஎஸ்பி போர்ட்டைப் பூட்டினது அதுக்குப் பிறகுதான், அப்ப ஒருத்தரும் முறைப்படேல்லை.

இந்த விசயத்தில நான் அம்மாவிட்டப் படிச்சதுதான் கனக்க. 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில தென்மராட்சிக்கு நடந்த அண்டைக்கு எனக்குப் பத்து வயசு. அம்மா தோளில ஒரு துணிப்பை. அதுக்குள்ள காணி உறுதி, எங்கட பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அப்பான்ர பென்சன் கடிதம். அந்தப் பை நெடுக அலுமாரியில ஒரே தட்டிலதான் இருக்கும், பத்து நிமிசம் குடுத்தாலும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடலாம். உறுதியின்ர ஃபோட்டோக் கொப்பி ஒண்டு முதலே கொழும்பில மாமா வீட்டில. ஆனால் ஃபோட்டோ அல்பங்களை அம்மா கணக்கெடுக்கேல்லை, திரும்பி வந்து பாத்தபோது அதுகள் இல்லை, அப்பான்ர கல்யாணப் படம் ஒண்டுகூட இண்டைக்கு எங்களிட்ட இல்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்த சனத்துக்குப் பக்கப் எண்டால் என்னெண்டு பாடம் எடுக்கத் தேவையில்லை எண்டுதான் நான் நினைச்சிருந்தனான், ஆனால் கொம்பியூட்டர் எண்டு வந்தவுடன எங்களுக்கு அந்தப் புத்தி மறந்துபோகுது. மூண்டு கொப்பி, ரெண்டு வித்தியாசமான வகைச் சாமானில, ஒண்டு வீட்டுக்கு வெளியில எண்டு ஐடி ஆக்கள் சொல்லுற விதி அம்மான்ர பையும் மாமா வீடும்தான்.

2023 ஓகஸ்ட் 26 அரசாங்கத்தின்ர கிளவுட்டுக்கு ரன்சம்வெயார், ஃபைலைப் பூட்டிப்போட்டுக் கப்பம் கேக்கிற வைரஸ், அடிச்சுது நினைவிருக்கும். கிட்டத்தட்ட 5,000 ஈமெயில் விலாசம். மே 17 தொடக்கம் அண்டைக்கு வரைக்குமான மெயில் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குத் திருப்பி எடுக்கப் பக்கப் இல்லை. அந்தச் செய்தி வந்த கிழமையே நான் எங்கட பக்கப்பில இருந்து ஒரு வாடிக்கையாளரின்ர முழுக் கணக்கையும் வேற ஒரு கொம்பியூட்டரில திருப்பி எடுத்துப் பாத்தனான். ரெண்டு ஃபோல்டர் வரேல்லை. பக்கப் ஓடுது எண்டு பச்சை லைட் நெடுக எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. இப்ப மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கிறம், எடுத்துப் பாக்காத பக்கப்பை நான் பக்கப்பெண்டு எண்ணுறதில்லை.

சொந்தக் கொம்பியூட்டரில ஒஃபிஸ் வேலை செய்யலாமோ எண்டது எங்கட முதலாளிக்கும் எனக்கும் நெடுநாள் இழுபறி. அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருந்தது, இத்தினை பேருக்கு லப்டொப் வாங்கிறது சின்னக் காசில்லை. லாஸ்ட்பாஸ் கதையைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வச்சனான். லாஸ்ட்பாஸ் எண்டது மற்றவையின்ர பாஸ்வேர்டைக் காப்பாத்தித் தாற கம்பெனி, அந்தத் தொழில்தான் அவைக்கு. 2022இல அங்க முக்கியமான சாவியள் வச்சிருந்தது நாலே நாலு எஞ்சினியர்மார், அதில ஒராளின்ர வீட்டுக் கொம்பியூட்டரில படம் பாக்கிறதுக்குப் போட்டிருந்த ஒரு பழைய மீடியா சொஃப்ட்வெயாரின்ர ஓட்டைக்குள்ளால பூந்து, அவர் கீபோர்டில அடிக்கிறதைக் களவா வாசிச்சு, மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தவங்கள். அந்த ஓட்டைக்கு மருந்து 2020இலயே வந்திட்டுது, அவர் அப்டேட் செய்யேல்லை, அவ்வளவுதான். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வீட்டுக் கொம்பியூட்டரால இது நடந்தால் தம்பியின்ர கொம்பியூட்டரை நம்பி நாங்கள் என்னெண்டு இருக்கிறது. கொழும்பில செக்கண்ட்ஹாண்ட் லப்டொப் பாத்து வாங்கினம், ஒவ்வொண்டிலயும் விண்டோஸ் புரோ போட்டு பிட்லொக்கரால டிஸ்க்கைப் பூட்டி, அந்தச் சாவியளைத் தனிய எடுத்து வச்சம். ஒரே தரமா எல்லாருக்கும் இல்லை, சம்பளக் கணக்குச் செய்யிற ஆக்களுக்கு முதல்.

முதலாளி அதோட இன்னொண்டும் கேட்டவர். எல்லாற்ற ஸ்க்ரீனையும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா படம் எடுக்கிற சொஃப்ட்வெயார். அவருக்குத் தெரிஞ்ச ஒராள் போட்டிருக்கிறாராம், வேலை ஒழுங்கா நடக்குதாம். நான் வேண்டாமெண்டு நிண்டனான், இண்டைக்கும் அதே நிலைப்பாடுதான். வீட்டில இருந்து வேலை செய்யிற பிள்ளையளை நம்பாத கதை ஒண்டு, அது தனிக்கதை. என்ர கேள்வி வேற, அந்தப் படங்களில தெரியிறது என்ன? லண்டன் சனத்தின்ர வங்கிக் கணக்கும் சம்பளமும். பாதுகாப்பெண்டு சொல்லி அதே டேட்டாவை நாள் முழுக்கப் படமெடுத்து, இன்னொரு கம்பெனியின்ர சேர்வரில குவிச்சு வைக்கப் போறம். இதைச் சொன்னவுடன அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு விட்டிட்டார்.

2022 எங்களுக்கு வேற பாடம். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. வெளிநாட்டுக் கட்டுரையளில நல்லா எழுதியிருப்பினம், டேட்டா கிளவுட்டிலதான் இருக்கவேணும், விபிஎன் எண்ட பூட்டின தனிப்பாதை இல்லாமல் தொடக்கூடாது எண்டு. எல்லாம் சரி. ஆனால் கரண்ட் போனால் ரவுட்டர் நிக்கும், டொங்கிள் போட்டால் கொஞ்ச நேரத்தில டவரின்ர பற்றறியும் இறங்கிடும், பிறகு கிளவுட் எங்க இருக்கு. அப்ப பிள்ளையள் என்ன செய்ததெண்டால் கரண்ட் வந்த நேரம் பாத்து எல்லாக் கிளையண்டின்ர ஃபைலையும் ஒரே மூச்சா இறக்கி டெஸ்க்டொப்பில வச்சுக்கொண்டவை. நான் ஏசேல்லை, ஏசி என்ன, வேலை முடியவேணும் எல்லோ. விதியை மாத்தினம். பூட்டின லப்டொப்பில மட்டும், அந்தக் கிழமை செய்யிற ஒரு கிளையண்டின்ர ஃபோல்டரை மட்டும் இறக்கி வச்சிருக்கலாம், வேலை முடிஞ்சால் அது தானா அழியும். ரவுட்டருக்கு எண்டு சின்ன யூபிஎஸ் வாங்கிக் குடுத்தம். கரண்ட் இல்லாத ஊரில கரண்ட் இருக்கிற மாதிரி விதி எழுதினால் அதை நாளாந்தம் மீறிப் பழகிடுவினம், பிறகு மற்ற விதியும் மதிப்பில்லாமல் போகும்.

வெளிநாடு போறவையைப் பற்றியும் ஒருக்காச் சொல்லோணும். இஞ்ச வேலையை விடுறதெண்டால் பாதிப்பேர் கனடாவுக்கோ லண்டனுக்கோ போறதுதான், அனேகமா விசா வந்தாப் பிறகுதான் வாய் திறப்பினம், அடுத்த கிழமை பிளைட். பிரியாவிடைக்குக் கேக் வெட்டுவம், கணக்கை மூட மறந்திடுவம். 2021இல ஒருக்கா லிஸ்டை எடுத்துப் பாத்தால் ஊரில இல்லாத ஐஞ்சு பேரின்ர லொகின் வேலை செய்யுது. அதே வருசம் அமெரிக்காவில கொலோனியல் பைப்லைன் எண்ட எரிபொருள் கம்பெனிக்குள்ள பூந்தது இப்பிடிப் பாவிக்காமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கால, ரெண்டாவது பூட்டும் இல்லை, பாஸ்வேர்ட் மட்டும்தான். 44 லட்சம் டொலர் கப்பம் கட்டினவை. இப்ப எங்கட சீஆர் கொப்பியில கடைசிப் பக்கத்தில ஒரு கோடு இருக்கு, கேக் வெட்ட முதல் அதில என்ர கையெழுத்து விழவேணும்.

இனி 2023 கதை. இதை எழுதலாமோ எண்டு அவவிட்டக் கேட்டுத்தான் எழுதுறன்.

கரவெட்டியில இருந்து வேலை செய்யிற ஒரு தங்கச்சி, கெட்டிக்காரி, வேலையில ஒரு பிழை பிடிக்கேலாது. ஒரு திங்கக்கிழமை விடிய ஒரு கிளையண்டின்ர பேரில மெயில், இந்த டொக்யுமெண்டைப் பாருங்கோ எண்டு. கிளிக் பண்ணினவ, லொகின் பேஜ் வந்தது, அச்சொட்டா எங்கட பேஜ்தான், பாஸ்வேர்ட் அடிச்சவ, போனுக்குக் கோட் வந்தது, அதையும் அடிச்சவ. உள்ள டொக்யுமெண்ட் ஒண்டும் இல்லை. அந்த நிமிசமே அவவுக்குப் பொறி தட்டீட்டுது. என்ர நம்பரைப் போனில எடுத்து வச்சுக்கொண்டு இருந்தவவாம், அமத்தேல்லை. ஏனெண்டால் அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் சூம் மீட்டிங்கில எல்லாருக்கும் முன்னால, ஃபைலைப் பிழையான ஆளுக்கு அனுப்பின ஒரு பெடியனைத் தாறுமாறா ஏசினது. ஏசினது முதலாளி, நான் பக்கத்தில பேசாமல் இருந்தனான்.

அவ எனக்குச் சொன்னது புதன்கிழமை இரவு, அழுதழுது. நான் அவவின்ர மெயில் செட்டிங்குக்குள்ள போய்ப் பாத்தால் ஒரு ரூல் போட்டிருக்கிறாங்கள். இன்வொய்ஸ் எண்ட சொல் இருக்கிற மெயில் எல்லாம் வெளியில ஒரு விலாசத்துக்குப் போகுது, பதில் வாறதெல்லாம் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள விழுகுது. அந்த ஃபோல்டரை ஆர் திறந்து பாக்கிறது. செவ்வாய்க்கிழமையே அவவின்ர பேரில ஒரு கிளையண்டுக்கு மெயில் போயிருக்கு, சப்ளையரின்ர வங்கிக் கணக்கு மாறீட்டுது, இனிப் புதுக் கணக்குக்குக் கட்டுங்கோ எண்டு. அந்தக் கடைக்கார ஐயா பழைய மனிசன், கணக்கு நம்பர் மாறினால் போன் எடுத்துக் கேக்காமல் ஒரு சதமும் கட்டமாட்டார். அவராலதான் காசு தப்பினது, என்னால இல்லை.

அவர் எங்களிட்ட ஒரே கேள்விதான் கேட்டவர். எப்ப நடந்தது, எப்ப உங்களுக்குத் தெரியும்? அங்கத்தைச் சட்டத்தில இப்பிடி ஆக்களின்ர விபரம் வெளியில போய், அதால அவைக்குப் பாதிப்பு வரக்கூடும் எண்டால், தெரிஞ்சு 72 மணித்தியாலத்துக்குள்ள அவர் அரசாங்க ஆணையத்துக்கு அறிவிக்கோணும், நாங்கள் அவருக்குச் சுணங்காமல் சொல்லோணும். இஞ்சயும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு வந்திருக்கு, அதில ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டம் போடலாம். ரெண்டரை நாள் எங்க போனது எண்டதுக்கு எங்களிட்டச் சொல்ல ஒரு பதில்தான் இருந்தது, அந்தப் பிள்ளை பயந்திட்டுது எண்டு. அதை எழுதேக்க எனக்கு வெக்கமா இருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கினது நாங்கள்.

டெக்னிக்கலாச் செய்யவேண்டியதைச் செய்தம். கோட் அடிக்கிற முறையை விட்டிட்டுப் பாஸ்கீக்கு மாறினம், அது பாஸ்வேர்டுக்குப் பதிலா லப்டொப்பிலயோ போனிலயோ இருக்கிற சாவி, பொய்ப் பேஜில வேலை செய்யாது, உண்மையான விலாசத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வெளி விலாசத்துக்குத் தானா மெயில் போறதை முழுசா நிப்பாட்டினம். மாசா மாசம் பாஸ்வேர்ட் மாத்துங்கோ எண்ட பழைய விதியைத் தூக்கினம், அமெரிக்காவின்ர நிஸ்ட் நிறுவனம் 2017இலயே அது வேண்டாமெண்டு சொல்லீட்டுது, எங்கட ஆக்கள் பிள்ளையின்ர பேருக்குப் பின்னால நம்பரைத்தான் ஒண்டு ஒண்டாக் கூட்டிக்கொண்டு வந்தவை. ஐடியில இருந்து கதைக்கிறன் எண்டு ஆரும் எடுத்தால் வச்சிட்டு என்ர நம்பருக்குத் திருப்பி எடுக்கச் சொல்லி வச்சிருக்கிறம். 2020 ஜூலையில ட்விட்டருக்குள்ள பூந்தவங்கள் வீட்டில இருந்து வேலை செய்த ஆக்களுக்கு அப்பிடித்தான் போன் எடுத்து, விபிஎன் பிரச்சினையைச் சரிபண்ணித் தாறம் எண்டு ஏமாத்தினவங்கள்.

ஆனால் பெரிய மாற்றம் அதொண்டும் இல்லை. அடுத்த திங்கக்கிழமை மீட்டிங்கில முதலாளி தானா வாய் திறந்து, பிழை விட்டால் உடன சொல்லுங்கோ, சொன்னவையை நான் ஏசமாட்டன், முதல் ஏசினதுக்கு அந்தத் தம்பியிட்ட மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொன்னவர். யாழ்ப்பாணத்தில ஒரு முதலாளி இருவத்தாறு பேருக்கு முன்னால அப்பிடிச் சொல்லுறது லேசான காரியமில்லை, அந்த மனிசனில எனக்கு மரியாதை கூடினது அண்டைக்குத்தான். பேந்து என்ர போன் நம்பரை எல்லா லப்டொப்பின்ர அடியிலயும் ஸ்டிக்கரா ஒட்டினம்.

அதுக்குப் பிறகு வேலணைப் பெடியன் குறிகாட்டுவான் பஸ்ஸில லப்டொப் பையை விட்டிட்டு இறங்கி, 20 நிமிசத்துக்குள்ள ஆற்றயோ போனை வாங்கி எனக்கு எடுத்தவன். எனக்குத் தேவைப்பட்டது அந்த 20 நிமிசம்தான், அவன்ர லொகின் எல்லாத்தையும் வெட்டீட்டன், டிஸ்க் ஏற்கெனவே பூட்டுத்தான், மற்ற நாள் கண்டக்டர் அண்ணை பையைக் கொண்டந்து குடுத்தவர்.

புதுசா வாற பிள்ளையளுக்கு முதல்நாள் பழக்கிறது இப்ப அந்தக் கரவெட்டித் தங்கச்சிதான், தன்ர கதையைச் சொல்லித்தான் தொடங்குவா, திங்கள், செவ்வாய், புதன் எண்டு நாள் நாளா. போன கிழமை இரவு பத்தே முக்காலுக்குப் போன், கிளிநொச்சியில இருந்து, வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான்.

"அண்ணை, படுத்திட்டீங்களோ? ஒரு மெயில் வந்திருக்கு, கிளிக் பண்ணேல்லை, ஆனால் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. அக்கா சொன்னவ எந்த நேரமெண்டாலும் எடுக்கச் சொல்லி."

திறந்து பாத்தன், அது உண்மையான கிளையண்ட் மெயில்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.

"நல்ல வேலை செய்தீங்கள் தங்கச்சி," எண்டு சொல்லீட்டு, எந்தெந்த இடத்தைப் பாத்து அது உண்மையெண்டு நான் கண்டுபிடிச்சனான் எண்டு லைனில வச்சே ஒவ்வொண்டாக் காட்டினன். பதினொண்டரை ஆகீட்டுது.